அம்மன் கண்ணும் ஒரு என்டர் பொத்தானும்

போன ஞாயிற்றுக்கிழமை பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை அழித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். என் மனைவிக்கு எங்கள் வீட்டில் பிடிக்காத பொருள்கள் இரண்டுதான். ஒன்று என் ஒயர் மூட்டை, இன்னொன்று அதைக் கட்டிக்கொண்டு அழும் நான். அழிப்பதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. அப்படிப் பார்த்தபோது ‘ஆத்தா’ என்று பெயர் வைத்த ஃபோல்டர் ஒன்று கண்ணில் பட்டது. திறந்து ஓட்டினேன். திரை கறுப்பானது. பாதம், கொசுவம், சூலம், முகம் என்று வரிகள் ஒவ்வொன்றாக இறங்கின. ‘கண்’ என்ற வரி வந்ததும் நின்றுவிட்டது. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி அணைந்தது.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் சால்டரிங் பேஸ்ட் புகைகிற வாசனை எனக்கு வந்தது. வீட்டில் யாரும் எதையும் பற்றவைக்கவில்லை. சத்தியமாக வந்தது.

அந்த ஃபோல்டர் என் கைக்கு வந்த காலத்தில் நான் மதுரையில், மாசி வீதிப் பக்கம் ஒரு கடையில் கம்ப்யூட்டர் மெக்கானிக். ஜவுளிக் கடைகள், அரிசி மண்டிகள் என்று சுற்றுவேன். எல்லா இடத்திலும் ஒரே நோய். முதலாளி புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிடுவார், ஆனால் பில் போடும் மென்பொருள் டாஸ் காலத்தது, புதுசில் ஓடாது. இதற்கு இமுலேட்டர் என்று ஒரு மருந்து உண்டு. புதுக் கம்ப்யூட்டருக்குள் பழைய கம்ப்யூட்டர் மாதிரி வேஷம் கட்டி நிற்கிற மென்பொருள் அது. உள்ளே ஓடும் பழைய பில் புரோகிராமுக்குத் தான் இருப்பது வேறு வீடு என்றே தெரியாது. இந்த வேஷத்தை ஒழுங்காகக் கட்டத் தெரிந்தவன் என்று எனக்குக் கொஞ்சம் பெயர் இருந்தது. கொஞ்சம் திமிரும் இருந்தது.

செல்லப்பாண்டி அண்ணன் எங்கள் கடை வாடிக்கையாளர். டி. கல்லுப்பட்டிக்காரர், திருவிழாவுக்கு சீரியல் செட் போடுகிறவர். சவுக்குக் கட்டைகளைத் தென்னை உயரத்துக்கு நிறுத்தி, அதில் கலர் பல்புகளால் சாமி உருவம் கட்டுவார். பல்புகள் எரிந்து அணைகிற வரிசையில் சூலம் அசையும், நெருப்பு வளையம் சுழலும். எங்கள் பக்கத்தில் அந்த வெளிச்சம் தெரிந்தால்தான் திருவிழா என்று அர்த்தம். மற்றவர்கள் மோட்டாரில் உருளையைச் சுற்றவைத்துப் பல்பை ஓட்டிக்கொண்டிருந்தபோது, இவர் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து ஓட்டினார். பிரிண்டர் சொருகுகிற இடத்திலிருந்து ஒயர் எடுத்து ஒரு போர்டுக்குக் கொடுத்திருந்தார். புரோகிராமை எழுதிக் கொடுத்த பாலிடெக்னிக் பையன் துபாய்க்குப் போய் ரொம்ப காலம் ஆகியிருந்தது.

அந்த வருஷம் அண்ணனுக்கு நேரம் சரியில்லை. முந்தின வருஷம் அழகர்கோவில் ரோட்டில் ஒரு ஊரில் சாமி பாதி எரிந்து அணைந்துவிட்டது. அது சும்மா பல்பு அணைந்த கதையாக முடியவில்லை, சாமிக் குத்தம் என்று பேச்சாகிவிட்டது. சீரியல் செட்டுக்கு ஒப்பந்தமெல்லாம் வெற்றிலை பாக்குத்தான். மறுவருஷத்துக்கும் நீயே வா என்று தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். அந்த ஊரும், அதைப் பார்த்து மற்ற ஊர்களும் தட்டை வேறு ஆளுக்கு நீட்டிவிட்டன. கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஊர் மட்டும் மிச்சம். அதுவும் கைவிட்டால் கட்டை, பல்பு எல்லாவற்றையும் காயலான் கடையில் போட வேண்டியதுதான்.

அந்த ஊரின் பங்குனிப் பொங்கல் அன்று மத்தியானம்தான் போன் வந்தது.

“தம்பி, ஜெனரேட்டர் கரண்டு எகிறிக் கம்ப்யூட்டர் பெட்டி பொகைஞ்சு போச்சு. பொழுது சாயவும் கரகம் எடுத்துருவாக. என் பொழப்பே இதுல நிக்குது தம்பி.”

“வாரேண்ணே” என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மேலூரில் பஸ் நின்ற இடைவெளியில் பரோட்டாவும் கறிச் சால்னாவும் சாப்பிட்டேன். அந்தப் பரோட்டாவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஆனால் இங்கே அதைச் சொல்வதற்குக் காரணம் வேறு.

ஊர் போய்ப் பெட்டியைத் திறந்தால் கருகல் நாற்றம். ஹார்ட் டிஸ்க் மட்டும் பிழைத்திருந்தது. புரோகிராமை என் லேப்டாப்புக்கு மாற்றி ஓட்டினேன். பூஜ்யத்தால் வகுத்துவிட்டேன் என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது. எனக்குத் தெரிந்த நோய்தான். அந்தக் காலத்துப் புரோகிராம் ஓடத் தொடங்கும்போதே கம்ப்யூட்டர் எவ்வளவு வேகம் என்று அளந்து பார்க்கும். புதுக் கம்ப்யூட்டரின் வேகம் அதன் கணக்கில் அடங்காது. இமுலேட்டரைக் கிளப்பி, உள்ளே இருக்கிற கம்ப்யூட்டரை மந்தமாக்கினேன். ஓடியது. ஒயரைச் சொருகினோம். ஆத்தா எரிந்தாள்.

ஆனால் சூலம் பிடித்த கை குத்தாட்டம் போட்டது. கீழே நின்ற இளவட்டங்கள் விசிலடித்தார்கள். விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். “என்னண்ணே, இங்கயும் அழகர்கோவில் ரோட்டு வேலையக் காமிக்கப் போறீகளா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அண்ணனுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

சரியான வேகம் என்ன என்று எனக்குத் தெரியாது. அதைச் சொன்னது அண்ணனின் மனைவி பாண்டியம்மாள் மதினி. ஒவ்வொரு பல்பையும் தன் கையால் மாட்டுகிறவர். மைதானத்து நடுவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“கொறைங்க தம்பி. இன்னும். ஆத்தா நடந்து வர்றாளா, பஸ்ஸப் புடிக்க ஓடுறாளா? இன்னும் கொஞ்சம். ஆங், அம்புட்டுத்தேன்.”

கை நிதானமானது. நெருப்பு வளையம் அழகாகச் சுழன்றது. முகம் வந்தது. மூடிய இமையோடு நின்றது. இனி ஒன்றுமில்லை என்று நான் காலை நீட்டினேன். அப்போதுதான் அண்ணன் கேட்டார்.

“கண்ணு தொறக்கணுமே தம்பி, பூசாரி சுச்சு வேல செய்யுமா?”

என்ன சுவிட்ச்?

விஷயம் இதுதான். இந்த ஊருக்கு முதல் வருஷம் செட் போட்டபோது கண் தானாகவே திறக்கிற மாதிரிதான் அண்ணன் வைத்திருந்தாராம். கருப்பையா பூசாரி சண்டைக்கு வந்துவிட்டார். “ஆத்தா கண்ணத் தொறக்க மெஷினுக்கு என்னடா யோக்கியதை இருக்கு?” என்று கேட்டிருக்கிறார். அதிலிருந்து கோயில் வாசலில் ஒரு காலிங் பெல் பொத்தான். மஞ்சள் துணி சுற்றி வேப்பிலை கட்டியிருக்கும். காப்புக் கட்டின நாளிலிருந்து பூசாரியைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது. கரகத்தோடு வந்து அவர் அதை அமுக்கினால்தான் புரோகிராம் அடுத்த வரிக்கு நகரும், கண் திறக்கும், குலவை விழும், கரகம் கோயிலுக்குள் போகும். கண் திறக்காவிட்டால் கரகம் வெளியிலேயே நிற்கும்.

அந்தப் பொத்தானின் ஒயர் பிரிண்டர் கேபிள் வழியாகத்தான் உள்ளே வந்தது. என் இமுலேட்டருக்கோ பிரிண்டர் பக்கம் அனுப்பத்தான் தெரியும், அங்கிருந்து வருகிற எதையும் அது கேட்காது. பில் அடிக்க அது போதும். ஆத்தாவுக்குப் போதாது.

“ஒத்திகை பாக்கும்போது எப்படிண்ணே தொறப்பீங்க?”

“கீபோர்டுல என்டர் தட்டுவோம்.”

உயிர் வந்தது. “அப்ப பூசாரி அமுக்கும்போது நான் இங்க என்டர் தட்டிருறேன்.”

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மத்தியானம் என்ன சாப்டீக?”

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் சால்னா மணந்துகொண்டிருந்தது.

“நான் வெரதந்தான், நான் தட்டுறேன். யாருக்குத் தெரியப் போகுது?” என்றார் மதினி.

“எனக்குத் தெரியுமில்ல” என்றார் அண்ணன். “அந்தாளு வெறும் சுச்ச அமுக்கிட்டு, தான் தொறந்தோம்னு கையெடுத்துக் கும்புடுவாரு. நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா?”

“பொழப்புப் போகப் போகுது, இவருக்கு நாயம் கேக்குது!” மதினி தலையில் அடித்துக்கொண்டார். நானும் மனதுக்குள் மதினி பக்கம்தான். இப்போதும் பாதி அந்தப் பக்கம்தான். ஆனால் அந்த மனுஷனின் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு வழி தேடத் தொடங்கினேன்.

ஊருணிப் பக்கம் மேளச் சத்தம் கேட்டது. கரகம் எடுத்துவிட்டார்கள்.

அப்போது தோன்றியது. என்டர் தட்டுவது என்றால் என்ன? கீபோர்டுக்குள் இரண்டு புள்ளிகள் ஒட்டுகின்றன, அவ்வளவுதானே. அந்த இரண்டு புள்ளியிலும் பூசாரியின் ஒயரைப் பற்றவைத்துவிட்டால், அவர் அமுக்குவதுதான் என்டர். பையிலிருந்த உபரி கீபோர்டின் ஸ்குரூவைக் கழற்றி, எழுத்துக் கட்டைகளை உதறிவிட்டு, உள்ளே இருந்த விரல் நீளப் போர்டை மட்டும் எடுத்து லேப்டாப்பில் சொருகினேன். எந்த ஜோடி என்டர் என்று எங்கும் எழுதியிருக்காது. ஒரு துண்டு ஒயரால் இரண்டு இரண்டாகத் தொட்டுப் பார்க்க வேண்டியதுதான். திரையில் கே விழுந்தது. ஏழு விழுந்தது. கமா விழுந்தது. மேளம் நெருங்கியது. எம், ஒன்பது, மறுபடி கமா. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. மதினி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஆத்தாளைத் திட்டிக்கொண்டிருந்தார். வேண்டிக்கொண்டிருந்தார் என்றும் சொல்லலாம், அவர் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். திடீரென்று கோடு அடுத்த வரிக்குத் தாவியது. அதுதான் என்டர்.

பிளேடால் சுரண்டி, பேஸ்ட் தொட்டு, ஈயம் வைத்தேன். அவசரத்தில் விரலைச் சுட்டுக்கொண்டேன். பூசாரியின் ஒயரை ஒட்டியாயிற்று. சரிபார்க்க வழியில்லை. சரிபார்ப்பது என்றால் யாராவது போய் அந்தப் பொத்தானை அமுக்க வேண்டும், அது ஆகாது. என் தொழிலில் சரிபார்க்காமல் எதையும் நான் விட்டதில்லை. அன்றைக்கு விட்டேன்.

பாதம், கொசுவம், சூலம், முகம். ‘கண்’ என்று திரை நின்றது. மேளமும் நின்றது. மைதானம் நிறைய ஜனம், ஒரு பேச்சு மூச்சு இல்லை. கருப்பையா பூசாரி, எண்பதைத் தொட்ட மனுஷர், தலையில் கரகத்தோடு வந்து வேப்பிலையை விலக்கிப் பொத்தானை அமுக்கினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

என் விரல் லேப்டாப்பின் என்டர் மேல் இருந்தது. தட்டுவதற்குள் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அந்தப் பிடி இன்றைக்கும் வலிக்கிறது. “இரு” என்றார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்புக் கிளம்பியது. பூசாரி கையை வேட்டியில் துடைத்தார், மஞ்சளோ எண்ணெயோ தெரியவில்லை. அண்ணாந்து பார்த்தார். “தொறடி ஆத்தா!” என்று அதட்டிவிட்டு மறுபடி அழுத்தினார்.

அந்தக் கண்கள் வெள்ளையும் கறுப்புமாக, இரண்டு கட்டில் அகலத்துக்குத் திறந்தன.

குலவைச் சத்தத்தில் எனக்குக் காது அடைத்துப்போனது. அண்ணன் என் கையை விட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மதினி டார்ச்சை அணைக்க மறந்து அழுதுகொண்டிருந்தார். நானும் அழுதேன். சாமி கும்பிடாதவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். மறுநாள் காலையில் அண்ணன் தட்டில் வெற்றிலை பாக்கு வாங்கினார் என்று மதினி பிறகு சொன்னார்.

பூசாரி இப்போது இல்லை. சவுக்குக் கட்டைகளும் இல்லை. போன பங்குனியில் திருச்சி போகும்போது அந்த ஊர்ப் பக்கம் வண்டியை நிறுத்தினேன். எல்இடி திரை, நல்ல பெரியது, அண்ணனுடையதுதான். வீடியோ ஓடுகிறது. ஆத்தா கண் திறக்கிறாள், மூடுகிறாள், திறக்கிறாள். ஜனம் கீழே ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு உடம்பு முடியவில்லை, மதினிதான் நாற்காலியில் இருந்தார்.

“கண்ணு யாரு மதினி தொறக்குறது?”

“அதுவா தொறக்கும், அதுவா மூடிக்கிரும் தம்பி. யாரும் வர வேணாம். எம்புட்டு வசதி!” என்றார். பிறகு, “ஒங்கண்ணே இத ஏறெடுத்துப் பாக்க மாட்டாரு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோடு மின்னிக்கொண்டே இருந்தது. என்டரைத் தட்டினால் என்ன ஆகிவிடும்? பல்பு இல்லை, ஒயர் இல்லை. திரையில் இன்னொரு வரி வரும், அவ்வளவுதான். விரலைக்கூட வைத்துவிட்டேன். காலையில் இட்லிக்குக் குடல் குழம்பு சாப்பிட்டிருந்தது ஞாபகம் வந்தது. எடுத்துவிட்டேன்.

உள்ளேயிருந்து மனைவி கேட்டாள், “அழிச்சாச்சா?”

“இல்ல” என்றேன். “ஒரு ஆள் வரணும்னு நிக்குது.”