ஐந்து துளைப் பெட்டியும் திங்கட்கிழமைச் சோதனையும்

நிறுவனத்தின் மின்னஞ்சல் வந்தபோது என் கணவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. வாடிக்கையாளர்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கூப்பிடுவார்கள், பதில் சொல்ல வேண்டும். நேர்காணலில் தேறிவிட்டேன். பாக்கி ஒன்றுதான், திங்கட்கிழமை மதியம் இணைப்புச் சோதனை. கணினியும் மேசைத் தொலைபேசியும் கம்பி வழியாகத்தான் இணையத்தில் சேர்ந்திருக்க வேண்டும், வைஃபை கூடாது. தேறாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்பதை எவ்வளவு மரியாதையாகச் சொல்லலாமோ அவ்வளவு மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

அவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருடம் ஆகவிருந்தது அப்போது. வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தப்பித்து நின்றது: "போதும்." பசித்தாலும் போதும், தண்ணீர் வேண்டுமென்றாலும் போதும், முதுகு அரித்தாலும் போதும். எந்தப் போதும் எதற்கு என்பதை அவர் குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். உடம்பு போனாலும் குரல் போகவில்லை, கத்தினால் அடுத்த அடுக்குமாடிப் புளோக்குக்குக் கேட்கும்.

நான் நகரத்தில் ஓர் அலுவலக முகப்பில் வேலை பார்த்தேன். விடுப்பெல்லாம் தீர்ந்தபின் என்னைப் பொறுத்துக்கொள்ள அவர்களால் முடியவில்லை, வேலை போனது. மருத்துவமனையில், படுத்துவிட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் தாதிமை இல்லம் ஒன்றைச் சொன்னார்கள். அவரையும் அழைத்துக்கொண்டு பார்க்கப் போனேன். சுத்தமான இடம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாசலிலேயே அவர் இடது கையால் சக்கர நாற்காலியின் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் தள்ளத் தள்ள நாற்காலி நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. அங்கிருந்த தாதி சிரித்தார், நானும் சிரித்து வைத்தேன், டாக்சியில் வரும்போது அழுதேன். அவரை அங்கே விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். முடிவு செய்வதில் என்ன கஷ்டம்? வீட்டிலேயே இருந்து சம்பாதிக்க ஒரு வேலை வேண்டாமா? அது இப்போதுதான் கைக்கு எட்டியிருந்தது.

எங்கள் வீடு சுவா சூ காங்கில். மூன்று அறைகளில் ஒன்றை மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். இணையத்தைப் பிரித்துக் கொடுக்கும் ரவுட்டர் வாசல் பக்கம், குண்டுவீச்சுக்குப் பதுங்க வீட்டுக்குள்ளேயே கட்டியிருக்கும் பாம் ஷெல்டர் அறைக்குள் இருந்தது. அதன் பின்னால் மூன்று துளைகள். ஒன்றில் அந்தப் பெண்ணின் கேபிள், இன்னொன்றில் தொலைக்காட்சிப் பெட்டியின் கேபிள், ஒன்று காலி. என் அறைக்கு இரண்டு இணைப்பு வேண்டும்.

"ஒரு சுவிட்ச் வாங்கணும் அக்கா," என்றாள் அவள். "லைட் சுவிட்ச் இல்ல, நெட்வொர்க் சுவிட்ச். சின்னப் பெட்டிதான்."

"நீயே போட்டுக் குடுத்துரேன் மா. கம்ப்யூட்டர் வேலைதானே பாக்குற?"

"ஐயோ அக்கா, நான் கோட்தான் எழுதுவேன். வயரெல்லாம் எனக்குத் தெரியாது."

சமையல்காரர் தனக்கு அடுப்புப் பற்றவைக்கத் தெரியாது என்று சொன்னதுபோல இருந்தது. சரி, என் கணவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளவாவது தெரியுமே என்று ஞாயிறு காலையில் அவளிடம் விட்டுவிட்டுத் தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவுக்குக் கிளம்பினேன்.

தேக்காவில் எனக்குத் தெரிந்த சின்னக் கடை ஒன்று உண்டு. நாகூர்ப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்திலேயே வந்துவிட்ட முஸ்லிம் குடும்பத்துக்காரர் நடத்துவது. முன்னால் சிம் கார்டும் கைப்பேசி உறையும் தொங்கும், உள்ளே போனால் கேபிள், சார்ஜர், இன்னும் பெயர் தெரியாத சாமான்கள். நெட்வொர்க் சுவிட்ச் வேண்டும் என்றேன்.

"அஞ்சு போர்ட் எடுக்குறீங்களா அக்கா, எட்டா?"

"எனக்கு ரெண்டு சாமான்தான் தம்பி."

"அப்ப அஞ்சே தாராளம் லா. செட்டிங் ஒண்ணும் கிடையாது. சொருகுனா வேலை செய்யும்."

சொருகினால் வேலை செய்யும். அந்த வார்த்தையை நம்பித்தான் நான் நாசமாய்ப் போனேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தேன். உள்ளங்கை அளவுதான். ஒரு பக்கம் ஐந்து துளைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பொட்டு விளக்கு. எது உள்ளே வருவதற்கு, எது வெளியே போவதற்கு என்று எங்கும் எழுதவில்லை. நானே கணக்குப் போட்டேன். கணினிக்கு ஒரு கேபிள், தொலைபேசிக்கு ஒரு கேபிள். ஆகவே ரவுட்டரிலிருந்தும் இரண்டு கேபிள் வர வேண்டும். ஒரே கேபிளில் இரண்டையும் ஓட்டினால் பேச்சு நடுவில் அறுந்துவிடாதா? குளிக்கும்போது சமையலறையில் குழாயைத் திறந்தால் இங்கே தண்ணீர் இளைக்கிற வீடு எங்கள் வீடு. எனக்கு வருவதை இன்னொன்று பிடுங்கக் கூடாது. தொலைக்காட்சிக்குப் போன கேபிளைக் கழற்றினேன், வாங்கி வந்த நீளக் கேபிளையும் எடுத்தேன், இரண்டையும் ரவுட்டரிலிருந்து கூடத்துத் தரையில் இழுத்து வந்து என் அறைப் பெட்டியில் சொருகினேன். அதன்பின் கணினி, அதன்பின் தொலைபேசி.

விளக்குகள் எல்லாம் ஒன்றாகச் சடசடவென்று துடித்தன. ஆஹா, என்ன வேகமாக வேலை செய்கிறது என்று நினைத்தேன். அந்த ஒரு நிமிடச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

"அக்கா! நெட் போச்சு!" என்று பக்கத்து அறையிலிருந்து சத்தம். மதுரையிலிருக்கும் அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாளாம், அம்மா வாயைத் திறந்தபடியே உறைந்துவிட்டாராம்.

என் கணினியிலும் ஒன்றும் வரவில்லை. கைப்பேசியின் வைஃபையும் சேர்ந்து செத்துவிட்டது. ரவுட்டரை அணைத்துப் போட்டேன். சில நொடி வந்தது, மறுபடி போனது. புதுப் பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கினேன், எல்லாம் உயிர் பெற்றது. சொருகினேன், செத்தது. பெட்டிதான் பழுது, இதில் சந்தேகமென்ன?

அந்தப் பெண் நெட் தேடி மடிக்கணினியோடு வெளியே போய்விட்டாள். அவரைத் தனியாக விட முடியாது. ஆகவே அவரையும் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, எல்.ஆர்.டி. குட்டி ரயில் பிடித்து, புக்கிட் பாஞ்சாங்கில் ரயில் மாறி, மறுபடி தேக்கா. ஞாயிறு மதியத் தேக்காவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. விடுமுறைக்கு வந்த வெளிநாட்டு ஊழியர் கூட்டம் நடைபாதையை நிறைத்திருந்தது. பிள்ளைகள் நல்லவர்கள், "ஏய், வண்டி வருதுடா, தள்ளு தள்ளு" என்று வழிவிட்டுக்கொண்டே போனார்கள். அவர் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு "போதும், போதும்" என்று கத்தினார். வழிவிட்டவர்கள் அதைக் கேட்டு இன்னும் கொஞ்சம் ஒதுங்கினார்கள்.

கடைக்காரர் பெட்டியைத் தம் கேபிளில் மாட்டிப் பார்த்தார். "நல்லாதானே இருக்கு அக்கா?"

"இங்க நல்லா இருந்து எனக்கு என்ன தம்பி பிரயோஜனம்? வீட்ல எல்லாத்தையும் சேத்துல்ல கொல்லுது."

அவர் என் முகத்தைப் பார்த்தார், நாற்காலியில் இருந்தவரையும் பார்த்தார். வேறொன்றும் கேட்காமல் புதுப் பெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டார். எத்தனை கேபிள் மாட்டினீர்கள் என்று மட்டும் கேட்டிருந்தால் என் ஞாயிற்றுக்கிழமை பிழைத்திருக்கும். கேட்கவில்லை. கேட்கிற மாதிரி என் முகமும் இல்லை.

வீட்டில் புதுப் பெட்டியும் அதையேதான் செய்தது. அதே துடிப்பு, அதே சாவு. அறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. ஞாயிறு மாலையில் யாரைக் கூப்பிடுவது, யார் வருவார்கள்? நாளைக்கு மதியம் சோதனை. தாதிமை இல்லத்துக்காரர் கொடுத்த அட்டை எந்தக் கைப்பையில் இருக்கிறது என்று யோசிக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன். அந்த யோசனை எனக்குள் வந்ததே எனக்குப் பயமாக இருந்தது. மாதாவே, ஒரு பிளாஸ்டிக் பெட்டியா என் புருஷனை என்னிடமிருந்து பிரிக்கப்போகிறது என்று வாய்விட்டே கேட்டேன்.

கூடத்திலிருந்து "போதும்!" என்று குரல். அவசரமான போதும், கழிவறைக்கு.

ஓடிப்போய் நாற்காலியைத் தள்ளினால் முன்சக்கரம் தரையில் கிடந்த கேபிள்களில் ஏறாமல் இடித்தது. பின்னால் இழுத்துத் தள்ளினேன், மறுபடி இடித்தது. அவர் முனகினார். இருந்த ஆத்திரத்தில் ரவுட்டர் பக்கம் போய் ஒரு கேபிளைப் பிடுங்கிச் சுருட்டி எறிந்தேன். மற்றதன் மேல் சக்கரம் எப்படியோ ஏறிக் கடந்தது.

அவரை உட்காரவைத்துவிட்டுக் கழிவறை வாசலில் நிற்கிறேன். வெளியே போயிருந்த பெண் அப்போதுதான் திரும்பியிருந்தாள். தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, நெட் வந்துடுச்சு! என்ன பண்ணுனீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல. ஒரு கேபிளப் புடுங்குனேன்."

அவரை மீண்டும் கூடத்தில் விட்டுவிட்டு அறைக்குப் போனேன். விளக்குகள் வெறி அடங்கித் தனித்தனியாக, அமைதியாக மினுக்கின. கணினியில் இணையம் இருந்தது. தொலைபேசியும் விழித்திருந்தது. ஒற்றைக் கேபிளில் இரண்டும்! நம்பாமல், பிடுங்கிய கேபிளை மறுபடி மாட்டிப் பார்த்தேன். "அக்கா!" என்று அலறினாள் அவள். பிடுங்கினேன்.

அவள் கைப்பேசியில் தேடித் தேடி வாசித்தாள், நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். உள்ளே வரும் துளை, வெளியே போகும் துளை என்று அதில் எதுவும் கிடையாதாம். எல்லாத் துளையும் ஒன்றுதான். எந்தத் துளையிலிருந்து எந்தச் சாமான் பேசுகிறது என்று காது கொடுத்துக் கேட்டு, அதை நினைவில் வைத்துக்கொள்ளும். தெரிந்தவருக்கு வந்த செய்தியை அவர் துளைக்கு மட்டும் அனுப்பும். எல்லோருக்குமான செய்தி என்றால், அல்லது ஆள் இருக்குமிடம் தெரியவில்லை என்றால், வந்த துளையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அனுப்பிவிடும். ரவுட்டரும் அப்படியேதான். இரண்டுக்கும் நடுவில் இரண்டு கேபிள் இருந்தால், ஒன்றில் போன செய்தி மற்றதில் திரும்பி வரும். வந்ததைப் புதுச் செய்தி என்று நினைத்து மறுபடி அனுப்பும். அதற்கு முடிவே கிடையாது.

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. இவர் மருத்துவமனையில் கிடந்தபோது எங்கள் தேவாலயப் பங்கின் பாடகர் குழுவும் ஜெபமாலைக் குழுவும் வாட்ஸ்அப்பில் இதையேதான் செய்தன. இரண்டு குழுவிலும் இருக்கிற ஒரு சகோதரி இங்கே வந்த ஜெப வேண்டுகோளை அங்கே அனுப்புவார். அங்கிருந்து இன்னொருவர் அதை இங்கே அனுப்புவார். என் புருஷனுக்காக ஜெபிக்கச் சொல்லி எனக்கே ஒரு நாள் முழுக்க வந்துகொண்டிருந்தது, கடைசியில் மருத்துவர் கூப்பிட்ட அழைப்பை அந்தக் குவியலில் தவறவிட்டேன். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. யாராவது ஒருவர் அனுப்பாமல் இருந்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

இரண்டாவது கேபிளைத் தொலைக்காட்சிக்கே திருப்பிக் கொடுத்தேன். என் கேபிளைச் சுவர் ஓரமாக ஒட்டினேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் அந்தப் பெண் அலுவலகம் போய்விட்டாள். சோதனைக்கு முன் அவருக்குச் சாப்பாடு கொடுத்து, சுத்தம் செய்து, உடை மாற்றி, தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் போட்டு அதன் முன்னால் உட்காரவைத்தேன். குனிந்து அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "ஒரு மணி நேரந்தாங்க. கதவ சாத்திக்கிறேன். சத்தம் கேட்டா வேல போயிரும். கூப்பிடாதீங்க, என்ன?" அவர் என்னையே பார்த்தார். எவ்வளவு விளங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. கதவைச் சாத்தினேன்.

மறுமுனையில் ஒரு பெண். இணைப்பின் வேகத்தைப் பார்த்தார், தொலைபேசியைச் சோதித்தார், போலி வாடிக்கையாளராகக் கோபப்பட்டு என்னைத் திட்டினார். நான் பணிந்து பணிந்து பதில் சொன்னேன். ஒரு காது அவரிடம், ஒரு காது கதவில். எந்த நிமிடமும் "போதும்" வரும் என்று எதிர்பார்த்தேன். வரவே இல்லை. தூங்கிவிட்டார் போல, கடவுளே நன்றி என்று நினைத்தேன்.

"ஓகே மேடம், பாஸ். லைன் ரொம்ப கிளியர். வீடும் நல்லா அமைதியா இருக்கு," என்றார் அவர். "நாளைக்கே ஸ்டார்ட் பண்ணிடலாம். இதே மாதிரிதான், டோர் குளோஸ்ல இருக்கணும். எட்டு மணி நேர ஷிஃப்ட்."

நன்றி சொல்லிவிட்டு ஓடிவந்து கதவைத் திறந்தேன்.

நாற்காலி காலியாக இருந்தது. அவர் கீழே சரிந்து பக்கவாட்டில் கிடந்தார், வலக்கை உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. கால்சட்டை நனைந்து தரையெல்லாம் ஈரம். விழுந்து எவ்வளவு நேரமோ தெரியாது. தோளில் போட்டிருந்த துண்டு வாய்க்குள் இருந்தது. யார் இப்படிச் செய்தார்கள் என்று ஒரு கணம் பதறிப்போனேன். அவருடைய இடது கைதான் அதை வாயோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தது.

துண்டை மெல்ல உருவினேன். வெளியே வந்தபின்னும் அவர் கத்தவில்லை. என் அறைப் பக்கம் கண்ணைக் காட்டி, புருவத்தைத் தூக்கினார்.

"கெடச்சிருச்சுங்க," என்றேன்.

வாயின் இடப்பக்கம் மட்டும் சிரித்தது. என்னால் அவரைத் தனியாகத் தூக்க முடியவில்லை. அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். நான் அவரிடம் கேட்டது ஒரு மணி நேரம். நாளையிலிருந்து தினமும் எட்டு மணி நேரம் என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அந்தத் துண்டாலேயே அவர் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன்.