சஞ்சுக்தாவைத் தேடிக் குன்றத்தூருக்கு

காலை எட்டே காலுக்கு மேற்குத் தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினோம். முடிச்சூருக்குத் தலைக்கு இருபது ரூபாய். பக்கத்தில் ஸ்டெல்லா, எங்கள் தெருக்காரி. காசநோய்க்காரர்களுக்கு வீடு தேடிப் போய் மாத்திரை கொடுக்கும் பணியாளர். நான் கூடப் போனதற்குக் காரணம் எனக்குத் தெரிந்த ஒடியா மொழி. கணவரின் ரயில்வே உத்தியோகத்தால் ரூர்கேலாவில் பதினோரு வருடம் குடியிருந்தவள் நான்.

தேடிப் போனது சஞ்சுக்தா என்ற ஒடிசாப் பெண்ணை. கட்டட வேலைக்கு வந்த இருபது பேருக்குச் சமைப்பவள். நான்கு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறாள். ஆறு மாதம் முடித்தால் குணமாகும். நடுவில் விட்டால் நோய் மருந்துக்கு அடங்காமல் திரும்பலாம். மூன்று நாளாக அவள் போனுக்கு லைன் கிடைக்கவில்லை. கையிருப்பு மாத்திரை அன்றோடு தீர்கிறது.

முடிச்சூரில் கட்டடம் முடிந்து நின்றது. தொழிலாளர் கொட்டகைகள் இருந்த இடத்தில் கரி படிந்த செங்கற்கள் மட்டும். வாட்ச்மேன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அவங்கல்லாம் முந்தாநேத்தே லாரி ஏறிக்கினு போய்ட்டாங்கமா. குன்றத்தூராண்ட பெரிய வேலை ஒண்ணு நடக்குது, அங்கதான் கீறாங்க."

தாம்பரம் திரும்பி, பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் வழியாகப் போகும் பேருந்தைப் பிடித்தோம். பெண்களுக்குக் கட்டணமில்லை. ரூர்கேலா போன புதிதில், வலிக்கும் இடத்தை டாக்டருக்குச் சொல்ல வார்த்தையில்லாமல் நான் அழுததை ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "அதுக்குத்தான் அக்கா உங்கள இழுத்துட்டு வந்தேன்" என்று சிரித்தாள்.

குன்றத்தூரில் மூன்று கட்டடங்களில் விசாரித்து, பதினொன்றரைக்கு நாலாவதில் கண்டுபிடித்தோம். சஞ்சுக்தா அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லாவின் பையைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. நோய் விஷயம் அங்கே அவள் கணவனைத் தவிர யாருக்கும் தெரியாது. இனி அவளால் யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் சொல்லியாயிற்று. ஆனால் தெரிந்தால் அவள் கையால் சாப்பிடுவார்களா?

மேஸ்திரி வந்து, "யாரும்மா நீங்க?" என்றார்.

"ரூர்கேலால பழக்கம். பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்றேன்.

அவர் நகர்ந்ததும் சஞ்சுக்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நானி, போன் தண்ணில விழுந்துடுச்சு. உங்கள எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியல." நானி என்றால் ஒடியாவில் அக்கா. மாத்திரை அட்டைகளை முந்தானையில் சுருட்டிக்கொண்டு, எங்களைச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் விட்டாள். சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு மசியல். கடுகெண்ணெய் மணத்துக்கு ஸ்டெல்லா மூக்கைச் சுளித்தாள். பிறகு இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்.

பேருந்து நிறுத்தம் வரை அவள் கணவன் திலீப் வந்தான். ஊரிலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. பேருந்து தெரிந்ததும் ஒடியாவில் சொன்னான்: "நானி, எனக்கும் மூணு வாரமா இருமல். அவகிட்ட சொல்லல. தன்னாலதான் வந்துச்சுன்னு அழுவா."

ஸ்டெல்லாவிடம் அதைத் தமிழில் சொன்னேன். "தாம்பரம், தாம்பரம்! ஏறுங்கம்மா!" என்றார் கண்டக்டர். ஸ்டெல்லா பேருந்தைப் போகச் சொல்லிக் கையசைத்தாள். பையிலிருந்து பரிசோதனைக்குச் சளி பிடிக்கும் டப்பாவை எடுத்தாள்.

"யாரால வந்துதுன்னு யாருக்குக்கா தெரியும்? இப்பவே பாத்தா மாத்திரைலயே சரியாப் போயிடும்னு சொல்லுங்க. முழுப் பேரு கேளுங்க."

அன்று மூன்று மணிக்குத்தான் கிளம்பினோம். மடியில் திலீப்பின் சளி டப்பா இருந்த பையை ஸ்டெல்லா குழந்தையைப் போலப் பிடித்திருந்தாள். பம்மல் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

பரிசோதனையில் நோய் இருந்தது. திலீப் மாத்திரை தொடங்கினான். சஞ்சுக்தா அழுதாளா என்று பிறகு அவனிடம் போனில் கேட்டேன்.

"ஒரு ராத்திரி முழுக்க அழுதா, நானி. இப்போ காலைல அவ மாத்திரையப் போட்டுட்டு, நான் முழுங்கறவரைக்கும் எதிர்லயே உக்காந்திருக்கா. வாயத் திறந்து காட்டச் சொல்றா."