சாரதியின் பெயருக்கு ஒரு கட்டம்

லண்டன் தமிழருடைய உலக வரைபடத்தில் ஐந்தாறு ஊர்கள்தான் உண்டு. ரொறன்ரோ, பாரிஸ், சூரிச், ஒஸ்லோ, கொஞ்சம் வசதி வந்தால் சிட்னி. மிச்சமெல்லாம் விமானம் மேலால் பறந்து கடக்கிற வெறும் நிலம். சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத ஊருக்கு ஒரு மனிதர் விடுமுறையில் போகிறார் என்றால் அவருக்கு மனதில் ஏதோ கோளாறு என்றுதான் எடுத்துக்கொள்வோம். தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கோளாறு எனக்கு வந்தது.

அப்போது நான் கவுன்சில் நூலகம் ஒன்றில் வேலை செய்தேன். வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்களுக்குப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுப்பதற்கென்று ஒரு சின்ன வான் இருந்தது. அதை ஓட்டுவது நான்தான். நாங்கள் குடியிருந்த கிங்ஸ்பரியின் சந்துபொந்துகளில், மழையோ பனியோ, கிளச்சை மிதித்துக் கியரை மாற்றியபடி நாள் முழுக்கச் சுற்றுவேன். ஒரு நாள் திரும்பி வந்த புத்தகங்களுக்குள் மாயன்களின் பழைய நகரங்களைப் பற்றிய படப் புத்தகம் ஒன்று கிடந்தது. ஒரு பக்கத்தில் தேநீர்க் கறை. அடுத்த பக்கத்தில் நேராக நீண்டுபோகும் ஒரு சாலை, இரண்டு பக்கமும் காடு, சாலை முடிகிற இடத்தில் படிப்படியாக உயர்ந்த ஒரு கல் கோபுரம். கோபுரம் கிடக்கட்டும், எனக்குச் சாலைதான் பிடித்தது. அந்தச் சாலையில் நானே கார் ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

இதெல்லாம் ஒரு ஆசையா என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் வீட்டுச் சட்டத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களிடையே மனைவி கார் ஓட்டலாம், தடையே இல்லை. கடைக்குப் போகலாம், வேலைக்குப் போகலாம், விமான நிலையத்தில் மாமியாரை ஏற்றலாம். ஆனால் கணவர் காருக்குள் இருக்கும்போது ஓட்டக் கூடாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, எழுதாமலே எல்லோருக்கும் தெரியும். கதவடி வரைக்கும் சாவி என் கையில் இருக்கும். பிறகு அதை அவரிடம் கொடுத்துவிட்டு இடப்பக்கம் போய் உட்கார்ந்துவிடுவேன். பெற்றோல் நிலையத்தில் இரண்டு ஷிப்ட் சேர்த்துச் செய்துவிட்டுக் கண் சொருகியபடி வந்தாலும் ஓட்டுவது அவர்தான். நான் தனியாக ஓட்டப் புறப்படும் நாட்களிலும் வாசலில் நின்று, “கண்ணாடியைப் பாத்து எடும், அவசரப்படாதையும்” என்பார். நாள் முழுக்கக் கவுன்சில் வானை ஓட்டுகிறவளுக்கு அந்த அறிவுரை எவ்வளவு உதவியாக இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் முதல் தடவையிலேயே ஓட்டுநர் பரீட்சை பாஸ் செய்தவள். அவர் மூன்றாம் தடவை. அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலையில் தனியாகப் போய் மத்தியானம் கேக்கோடு வந்தார். நான் கேசரி கிண்டி அக்கம்பக்கமெல்லாம் கொடுத்தேன். அடுத்த வாரமே ஆட்டோமாட்டிக் கார் ஒன்று வாங்கினார். கியர் போட்டு ஓட்டுவதெல்லாம் லொறிக்காரர் வேலை, படித்த ஆட்கள் ஆட்டோமாட்டிக்தான் வைத்திருப்பார்கள் என்றார். நம்பினேன்.

புது பிரிட்டிஷ் கடவுச்சீட்டுகள் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவற்றில் இருந்த ஒரே முத்திரை ரொறன்ரோ விமான நிலையத்தினுடையது. அந்தக் கல் கோபுரம் இருக்கும் மெக்சிக்கோவுக்குப் போவோம் என்று நான் சொன்னதும் என் கணவர் மறுக்கவில்லை. அவர் எதையும் நேரடியாக மறுக்கும் பழக்கம் உள்ளவர் அல்லர். அக்காவிடம் ஒரு சொல் கேட்போம் என்றார். எங்கள் குடும்பத்தில் ஒரு திட்டத்தைக் கொல்ல அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

அவருடைய அக்கா, அதாவது என் மச்சாள், கணவரோடு ரெய்னர்ஸ் லேனில் இருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முதலில் சொன்னது இதுதான்: “இடிஞ்ச கட்டடம் பாக்கவோ? எங்கட ஊரிலை இல்லாத இடிஞ்ச கட்டடமோ?”

அந்தக் கேள்வி சுட்டது. ஊரில் எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை என்று கடிதம் வந்த வருடம் அது. ஆனால் அதனால்தான் போக விரும்பினேன் என்று அவளுக்கு எப்படி விளங்க வைப்பது? யாரும் குண்டு போடாமல், மழையும் மரவேரும் சேர்ந்து ஆறுதலாக இடித்த ஒரு ஊரைப் பார்த்தால் மனதுக்குக் கொஞ்சம் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அதைச் சொல்லவில்லை. நல்ல வெயில் அடிக்கும் மச்சாள் என்று மட்டும் சொன்னேன்.

வெயில் என்ற சொல் வேலை செய்தது. அடுத்த ஞாயிறே அவர்கள் இருவரும் பயணத்தில் சேர்ந்துவிட்டார்கள். நாங்கள் கூப்பிட்டோமா என்பது பொருத்தமில்லாத கேள்வி.

மச்சாளின் கணவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். லண்டன் பாதைகள் முழுவதும் அண்ணைக்கு மனப்பாடம். எந்தச் சந்தியில் எந்த வரிசையில் நிற்க வேண்டும், எங்கே திரும்பினால் நெரிசல் இல்லை என்றெல்லாம் சொல்வார். ஓட்டுநர் லைசென்ஸ் மட்டும் அவரிடம் இல்லை. பஸ்ஸில்தான் போவார். மெக்சிக்கோவில் வலப்பக்கமாக ஓட்ட வேண்டும் என்று தெரிந்ததும் சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தலையும் ஊறுகாய்ப் போத்தலையும் வைத்து என் கணவருக்குப் பயிற்சி கொடுத்தார். ஊறுகாய் எப்போதும் எங்கள் கார். உப்பு எதிரே வரும் லொறி. என் கணவர் தலையை ஆட்டியபடி இருந்தார். எனக்கு யாரும் எதையும் காட்டவில்லை. நான் மேசையைத் துடைத்துக் கொடுத்தேன்.

பிறகு பஞ்சாங்கம் வந்தது. அண்ணையிடம் வாக்கியம், திருக்கணிதம் இரண்டும் உண்டு. இரண்டும் ஒத்துப்போகாத நாட்களில் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வார். மெக்சிக்கோவில் நேரம் ஆறு மணித்தியாலம் பின்தங்கியது என்பதால் அங்கே ராகு காலம் எப்போது என்று ஒரு முழுக் கொப்பி நிறையக் கணக்குப் போட்டார். சிச்சென் இட்சா என்ற மாயன் நகரத்துக்கு வெள்ளிக்கிழமை போகக் கூடாது, ஊஷ்மால் என்ற மற்றதுக்குப் பத்தரைக்கு முன்னால் புறப்பட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. மாயன்களும் விடிய விடிய வானத்தைப் பார்த்து நாட்காட்டி போட்டவர்கள்தான் என்று நான் சொன்னேன். அப்படியென்றால் அவர்களிடம் இருந்தது எது, வாக்கியமா திருக்கணிதமா என்று அண்ணை நிஜமாகவே கேட்டார்.

மச்சாள் மிளகாய்த்தூள், கருவாடு, சோறு ஆக்கும் மின்சாரப் பானை என்று பட்டியல் போட்டாள். போகிற வழியில் ரொறன்ரோவில் இறங்கி, தன் ஒன்றுவிட்ட தங்கையின் மகள் பெரியபிள்ளையானதற்கு நடக்கும் சாமத்தியச் சடங்கைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள். என் கைக்கு அடக்கமாக இருந்த ஒரு சாலை, இரண்டு மாதத்துக்குள் ஒரு குடும்ப ஊர்வலமாகிவிட்டது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எத்தனை பானை ஏறினாலும் கார் ஒன்றுதான், சாலை ஒன்றுதான். அங்கே ஒரு மணி நேரமாவது ஸ்டியரிங்கைக் கேட்டு வாங்கிவிடலாம் என்பது என் கணக்கு.

பயண முகவர் தந்த படிவத்தில் அந்தக் கணக்கும் பிழைத்தது. சாரதியின் பெயர் என்று அதில் ஒரே ஒரு கட்டம். ஒருவர்தான் ஓட்டலாம். கூடவே லைசென்சின் நகலும் அனுப்ப வேண்டும். வாடகைக் கார்கள் எல்லாம் கையால் கியர் போடும் சின்னக் கார்கள் என்று கீழே சிறிய எழுத்தில் இருந்தது. அதை நான் வாசித்துச் சொன்னபோது என் கணவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். அதன்பிறகு லைசென்சைத் தாருங்கள், நூலகத்தில் நகல் எடுத்து வருகிறேன் என்று நான் கேட்கும் போதெல்லாம் நாளைக்கு என்றார். மூன்று வாரம் நாளைக்காகவே போனது.

எங்கள் ஆட்களின் வீடுகளில் வாசலுக்குப் பக்கத்து அலுமாரியில் ஒரு பெட்டி இருக்கும். எந்த நேரம் ஓட வேண்டி வந்தாலும் தூக்கிக்கொண்டு ஓட, எல்லாப் பத்திரமும் அதற்குள். லண்டனில் யாரும் துரத்தப்போவதில்லை என்று தெரிந்தும் வைத்திருப்போம். ஒரு சனிக்கிழமை அவர் ஷிப்டுக்குப் போன பிறகு பெட்டியைத் திறந்தேன். பழைய மின்சார பில்களுக்கெல்லாம் அடியில், ஒரு கடித உறைக்குள் அவருடைய லைசென்ஸ் இருந்தது. நூலகத்துக்குக் கொண்டுபோய் நகல் இயந்திரத்தின் மூடியைத் தூக்கியபோதுதான் விரித்து வாசித்தேன். ஆட்டோமாட்டிக் வண்டி மட்டும் என்று இருந்தது. கியர் வண்டியை அவர் ஓட்டவே கூடாது.

மூன்றாம் தடவை அவர் போனது கியர் வண்டிப் பரீட்சைக்கே அல்ல. இரண்டு தடவை தோற்றதும், யாருக்கும் சொல்லாமல் ஆட்டோமாட்டிக் பரீட்சைக்குப் போயிருக்கிறார். முதலில் தனியாக நின்று சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. பதினொரு வருடம் கதவடியில் சாவியைக் கொடுத்திருக்கிறேன். “கண்ணாடியைப் பாத்து எடும்” என்பதைப் பதினொரு வருடம் கேட்டிருக்கிறேன். கேசரி வேறு கிண்டியிருக்கிறேன். அவருடையதில் ஒரு நகலும் என்னுடையதில் ஒரு நகலும் எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் ரெய்னர்ஸ் லேனில் படிவம் நிரப்பும் வைபவம். நல்ல நேரம் பார்த்து அண்ணை பேனையை எடுத்தார். பெயர்கள், கடவுச்சீட்டு இலக்கங்கள் எல்லாம் எழுதி முடித்துச் சாரதி என்ற கட்டத்துக்கு வந்தார். எல்லோரும் என் கணவரைப் பார்த்தார்கள்.

அவர் தொண்டையைச் செருமினார். மெக்சிக்கோவில் கள்ளர் கூடவாம், தண்ணீர் சரியில்லையாம், வேலையிடத்தில் சொன்னார்களாம். பேசாமல் சடங்கோடு ரொறன்ரோவிலேயே நின்றுவிடலாம் என்றார். அங்கே எல்லாக் காரும் ஆட்டோமாட்டிக் என்பதை மட்டும் சொல்லவில்லை. மச்சாளின் முகம் மலர்ந்தது. அண்ணை பேனையை மூடவே தொடங்கிவிட்டார்.

நான் கைப்பையைத் திறந்தேன். என் கணவர் அதைப் பார்த்தார். கையில் இருந்த இரண்டு தாள்களையும் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், ஹீத்ரோவில் நாங்கள் வந்திறங்கிய நாளில், அதிகாரி எங்கள் பத்திரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது. ஒரு தாளை மேசையில் போட்டால் போதும், அவருடைய அக்காவுக்கும் அத்தானுக்கும் முன்னால் பதினொரு வருடக் கணக்கும் தீர்ந்துவிடும். போட வேண்டும் என்றுதான் வந்தேன். என்னால் முடியவில்லை. ஆனால் சாலையை விடவும் முடியவில்லை.

என்னுடைய நகலை மட்டும் எடுத்து அண்ணைக்கு முன்னால் வைத்தேன்.

“என்ர பேரை எழுதுங்கோ அண்ணை. இவருக்குக் கொஞ்ச நாளாய் இடுப்பு நோ. அவ்வளவு தூரம் இருந்து ஓட ஏலாது.”

எல்லோரும் மறுபடியும் என் கணவரைப் பார்த்தார்கள். அவர் மெல்ல இடுப்பில் கையை வைத்தார்.

“ஓம்,” என்றார். “சரியான நோ.”

அண்ணை என் பெயரை எழுதினார். எழுதிவிட்டு வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் முடிவதற்குள் அவருக்கு அந்தக் கிழமை வேறு அலுவல் இருப்பது நினைவுக்கு வந்தது. மச்சாளுக்கும் சடங்குதான் முக்கியமாகப்பட்டது. ஒரு பெண் வலப்பக்கமாக ஓட்டும் காரில் ஏறப் பயம் என்று ஒருவரும் சொல்லவில்லை, அவ்வளவு நாகரிகமானவர்கள். மின்சாரப் பானையும் கருவாடும் ஊர்வலமும் ஒரே பொய்யில் கழன்றன.

அன்றைக்கு நாங்கள் வீட்டுக்குப் புறப்படும்போது மச்சாள் நோவெண்ணெய்ப் போத்தலோடு வாசல்வரை வந்தாள். என் கணவர் பழக்கத்தில் சாவியை வாங்கிக்கொண்டு காரின் வலப்பக்கம் போனார். மச்சாள் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் நின்றார், திரும்பி வந்தார், சாவியை என்னிடம் நீட்டினார். கிங்ஸ்பரி வரை நான் ஓட்டினேன். வீட்டுக்கு முன்னால் நிறுத்திய பிறகுதான் கேட்டார்.

“அவையளுக்குச் சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருக்கலாம்,” என்றேன்.

நாங்கள் இருவர் மட்டும் போனோம். சாலை படத்தில் இருந்த மாதிரியே நேராக இருந்தது. ஊஷ்மாலுக்கு ராகு காலத்தில்தான் புறப்பட்டேன். அவர் இடப்பக்கம் உட்கார்ந்து பழகியவர் அல்லர். அங்கே பயணி ஆசனம் வலப்பக்கம் என்பதால் கொஞ்சம் ஆறுதலாக இருந்தார் என்று நினைக்கிறேன். கண்ணாடியைப் பார்க்கச் சொல்லவில்லை. நான் கியர் மாற்றும் போதெல்லாம் என் காலைப் பார்த்துக்கொண்டு வந்தார். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அந்தப் பயணத்தின் கதையை மச்சாள் இன்றைக்கும் கலியாண வீடுகளில் சொல்வாள். “அந்த இடுப்பு நோவோடையும் மனுசியின்ர ஆசைக்காக மெக்சிக்கோ வரைக்கும் கூட்டிக்கொண்டு போனவன் என்ர தம்பி.” கேட்கிறவர்கள் அவரைப் பார்த்து உருகுவார்கள். என்னைப் பார்த்து, கொடுத்து வைத்தவள் என்பார்கள். முழுத் தூரமும் ஓட்டியவள் நான், கூட்டிக்கொண்டு போனவர் அவர். எனக்கு ஒவ்வொரு தடவையும் கோபம் வரும். அவருடைய லைசென்சின் அந்த நகல் பெட்டிக்குள் மின்சார பில்களுக்கு அடியில் பத்திரமாக இருப்பதும் நினைவுக்கு வரும்.

பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வெளியே வருவோம். காரடிக்கு வந்ததும் அவர் சட்டைப் பையைத் தடவிச் சாவியை எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டுவார். நான் வாங்கிக்கொண்டு வலப்பக்கக் கதவைத் திறப்பேன்.