விர்கூல் போட்ட களிமண்

எண்பதுகளின் நடுவில், முதலியார்பேட்டையில் என் அக்கா வீட்டுக்குப் பின்னால் ஓடிய வாய்க்காலை ஆழப்படுத்தப் போவதாகச் செய்தி வந்தது. அக்காவும் மாமாவும் மில் வேலையில் பத்து வருஷம் உழைத்துக் கட்டிய வீடு அது. சமையலறைச் சுவருக்கும் கரைக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம் நிற்கத்தான் இடம் இருந்தது. கல்லூரியில் மண் பொறியியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் நான். தோண்டினால் கரை நிற்குமா என்று கணக்குப் போட்டுச் சொல்லும் வேலை எங்கள் துறைக்கு வந்தபோது, சண்டை போட்டாவது வாங்கிவிடுவது என்று நின்று வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கரையின் அடியில் இருந்த களிமண் பொல்லாதது. சும்மா விட்டால் இறுக்கமாக இருக்கும், பிசைந்தால் கூழாகிவிடும். அப்படிப்பட்ட மண்ணில் கரை ஒரேயடியாக விழுவதில்லை. ஓரிடம் கலங்கித் தளரும். அது தாங்கிய சுமை பக்கத்து மண்மேல் ஏறும், பிறகு அதுவும் தளரும். மில் வாசலில் வரிசையாக நிற்கும் சைக்கிள்களில் ஒன்றைத் தட்டிவிட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கரையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டம் தளர்ந்தால் அடுத்து எது தளரும் என்று கம்ப்யூட்டரைக் கணக்கிட வைக்கும் புரோகிராம் ஒன்றை எழுதியிருந்தேன். கம்ப்யூட்டர் இருந்த ஏசி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். கோயிலில்கூட எனக்கு அவ்வளவு பயபக்தி கிடையாது.

கரையில் துளை போட்டு மண் எடுத்துச் சோதித்துக் கொடுத்தவர் எங்கள் சோதனைக்கூடத்து முசியே. பிரெஞ்சுக்காரர் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் என்பதால் எல்லோருமே அவரை அப்படி, பிரெஞ்சில் 'ஐயா' என்றுதான் கூப்பிட்டோம். ஒவ்வொரு வரியிலும் மூன்று எண்கள் எழுதியிருந்தார்: எத்தனை மீட்டர் ஆழம், கலங்காத மண்ணின் பலம், பிசைந்த மண்ணின் பலம். அதைப் பார்த்து நானே கம்ப்யூட்டரில் அப்படியே தட்டினேன். கரை அசையாது என்று விடை வந்தது. சந்தோஷம் தாங்கவில்லை. அறிக்கையில் கையெழுத்துப் போட்டு வாய்க்கால் இன்ஜினியருக்கு அனுப்பிவிட்டு, நேராக அக்கா வீட்டுக்கு சைக்கிளை மிதித்தேன்.

அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதக்கா. இன்னும் ஒரு ஆள் ஆழம் தோண்டினாலும் கரை இன்னும் கெட்டியாத்தான் ஆவுது" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏண்டி, தோண்டத் தோண்ட கெட்டியாவுதா? அப்ப இங்கயே ஒரு கெணறு வெட்டச் சொல்லு, வீடு இன்னும் நல்லா நிக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. படித்தவளைப் பார்த்துச் சிரிப்பதா என்று கோபம் வேறு. மறுநாள் காலை முதல் வேலையாக, கம்ப்யூட்டர் எந்த எண்களை வாங்கிக்கொண்டது என்று அச்சிட்டுப் பார்த்தேன். கலங்காத மண்ணின் பலம் எல்லா ஆழத்திலும் ஐந்து. பிசைந்த மண்ணின் பலம் பதினெட்டு, பதினாறு, பதினேழு. பிசையப் பிசைய இறுகும் களிமண் உலகத்தில் எங்கே இருக்கிறது?

முசியேயின் தாளை எடுத்தேன். முதல் வரியில் "1,5 18 4" என்று இருந்தது. ஒன்றரை மீட்டர் ஆழம்; அடுத்த வரிகளும் இரண்டரை, மூன்றரை என்றே போயின. பிரெஞ்சு வழக்கப்படி புள்ளிக்குப் பதில் கமா, அவர்கள் மொழியில் விர்கூல், போட்டிருந்தார். கம்ப்யூட்டருக்குக் கமா என்றால் ஓர் எண் முடிந்தது என்று அர்த்தம். ஒன்றை ஆழமாகவும், ஐந்தையும் பதினெட்டையும் பலமாகவும் எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த நான்கைத் தூக்கிப் போட்டுவிட்டது.

தாளோடு போய் நின்றேன். முசியே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"விர்கூல் போட்டது நான்தாம்மா. பிரான்ஸ் பூரா அப்படித்தான் போடறான். ஒங்க பொட்டிக்கு அது தெரியலன்னா நான் இன்னா பண்றது? தட்டினது நீங்கதானே."

நானும் இந்த ஊரில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள். ஒன்று, கமா, ஐந்து என்று பார்த்தால் என் கண் ஒன்றரை என்றே படித்துவிடும். வேறு ஊர்க்காரி தட்டியிருந்தால் இது என்ன கமா என்று அன்றே கேட்டிருப்பாள்.

கமாக்களைப் புள்ளிகளாக்கி மறுபடி ஓட்டினேன். கரையடியில் ஒரு கட்டம் தளர்ந்தது. அடுத்தது, அதற்கடுத்தது என்று சரிவு நகர்ந்து போய் அக்காவின் சமையலறைக்கு அடியில் நின்றது.

இன்ஜினியரிடம் போய் என் அறிக்கை தப்பு என்று சொன்னேன். கையெழுத்துப் போட்ட கையாலேயே அதை அடித்துக் கொடுத்தேன். அவர் என்னை முறைத்தார். பிறகு தோண்டுவதை நிறுத்திவைத்து, அக்கா வீட்டுக் கரையோரம் சவுக்குக் கட்டைகளை நெருக்கமாக அடித்துவிட்டு, துண்டு துண்டாகத் தோண்டச் சம்மதித்தார். அன்று சாயங்காலமே அக்காவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு எனக்குச் சோறு போட்டாள்.

வேலை நடந்தபோது, கட்டை அடிக்காத பக்கத்துக் காலிமனை ஓரம் கரை சரிந்தது. என் கட்டங்கள் காட்டிய மாதிரியே ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வந்து, சவுக்குக் கட்டையில் முட்டி நின்றுவிட்டது. சரிவைப் பார்த்து அவ்வளவு குதூகலப்பட்டது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"இனிமே நிம்மதியாத் தூங்குக்கா" என்றேன்.

"நீ மொதல்ல வந்து ஒண்ணும் ஆவாதுன்னு சொன்ன பாரு, அன்னிக்குத்தான் எனக்குத் தூக்கமே வரல" என்றாள் அக்கா. "தப்பாச் சொல்லிட்டேன்னு வந்து நின்னியே, அன்னிலேருந்து நல்லாத்தான் தூங்கறேன்."