யதுசா பார்க்காமல் விட்ட ரிவோல்வர்

யேர்மனியின் பீலெஃபெல்ட் நகரில், வேட்டைக்காரருக்கும் குறிபார்த்துச் சுடும் சங்கத்தாருக்கும் துவக்கு விற்றுத் திருத்தும் கடையொன்றின் பின்பக்கப் பட்டறையில் யதுசா வேலை செய்கிறாள். வயது இருபத்தெட்டு. துவக்குத் திருத்தும் அவுஸ்பில்டுங்கை, அதாவது தொழிற்பயிற்சியை, நல்ல புள்ளிகளோடு முடித்தவள். வேலையைப் பற்றி யாராவது கேட்டால் அவளுடைய தாய் புஸ்பவதி, மகள் மெஷின் வேலை செய்கிறாள் என்று சொல்லிவிடுவார். யுத்தத்துக்குத் தப்பி வந்த வீட்டில் ஒரு பெண்பிள்ளை துவக்குத் திருத்துகிறாள் என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை விஜயரத்தினம் அந்தக் கடைக்கு வந்தார். அறுபதுக்குக் கிட்ட வயது, அலுமாரிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. பதினொரு வருடமாகச் சுடும் சங்கமொன்றில் அங்கத்தவர். அங்கே அவர் ஒருவர்தான் தமிழர். இவ்வளவு காலமும் சங்கத்துப் பழைய ரிவோல்வராலேயே சுட்டு வந்தவர், அனுமதிப் பத்திரமெல்லாம் எடுத்து, இதே கடையில் சொந்தமாகப் புதிய .22 ரிவோல்வர் ஒன்று வாங்கியிருந்தார்.

முதல் இருபது ரவை பரவாயில்லை, பிறகு சன்னங்கள் இலக்கு அட்டை முழுக்கச் சிதறுகின்றன என்றார். உருளை இறுகிப்போய்ச் சுற்ற மறுக்கிறது, குழலின் உள்வாயில் ஈயம் அப்பிக்கிடக்கிறது, பக்கத்தில் நின்று சுட்டவரின் கையில் ஏதோ துகள் பட்டுச் சுள்ளென்றதாம். எல்லாவற்றையும் தமிழில், சந்தையில் பேசுவதுபோல உரக்கச் சொன்னார். கடையில் நின்ற மூன்று யேர்மன்காரர் திரும்பிப் பார்த்தார்கள். யதுசாவுக்கு முகம் சூடேறியது. அவள் யேர்மன் மொழியிலேயே பதில் சொன்னாள். குழலை ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நன்றாகத் துப்புரவாக்குங்கள், வேறு ரவை வாங்கிப் பாருங்கள், புதுத் துவக்கு கைக்குப் பழக நாளாகும் என்றாள். விஜயரத்தினம் அதைச் சின்னக் கொப்பியொன்றில் எழுதிக்கொண்டு போனார்.

ஐந்து கிழமைக்குப் பிறகு திரும்பி வந்தார். நான்கு வகை ரவை சுட்டுப் பார்த்தாராம். முப்பது ரவைக்கு ஒருமுறை துப்புரவாக்கினாராம். ஒரு மாற்றமும் இல்லை. நீல நிறக் கோப்பொன்றை மேசையில் வைத்து, "இதை ஒருக்காப் பாருங்கோ பிள்ளை" என்றார்.

யதுசா அதைத் திறக்கவில்லை. இந்த வயதில் கண் மாறியிருக்கலாம், கண் வைத்தியரைப் பார்க்க ஒரு நாள் குறித்து ரேமின் எடுங்கள் என்று, முதலாளிக்கும் கேட்கும்படி யேர்மன் மொழியில் சொன்னாள். முதலாளி லூக்கன் மெல்லச் சிரித்தார். அவர் சிரித்தது அந்த நேரத்தில் அவளுக்குப் பிடித்திருந்தது. பிறகு அவளை அதிகம் வருத்தியது அதுதான்.

"ஓம் பிள்ளை," என்று சொல்லி விஜயரத்தினம் கோப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வைகாசியில் மூன்றாம் முறை வந்தார். புதுக் கண்ணாடி போட்டிருந்தார். ரிவோல்வரை விற்றுத் தரும்படி கேட்டு, பெட்டியையும் கோப்பையும் வைத்துவிட்டுப் போனார். விற்கிற துவக்கைப் பரிசோதிக்காமல் அலுமாரியில் வைக்கக் கூடாது என்பது கடை வழக்கம். அதனால்தான் யதுசா அன்று அந்தக் கோப்பைத் திறந்தாள்.

உள்ளே நாற்பதுக்கு மேல் இலக்கு அட்டைகள். உருளையில் ரவை போடும் ஆறு அறைகளுக்கும் விஜயரத்தினம் நகப்பூச்சால் புள்ளி வைத்து, எந்தத் துளை எந்த அறையால் விழுந்தது என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இலக்கம் எழுதியிருந்தார். இரண்டாம், ஐந்தாம் அறைகளின் துளைகள் எல்லா அட்டைகளிலும் இடப்பக்கம் கீழே போயிருந்தன. கடைசியில் சங்கத்துப் பழைய ரிவோல்வரால் சுட்ட அட்டைகள். பத்துத் துளைகளையும் ஒரு உள்ளங்கையால் மூடிவிடலாம்.

இதற்கு முன் எதால் சுட்டீர்கள், எப்படி விழுந்தது என்பதுதான் அவள் எல்லா வாடிக்கையாளரிடமும் கேட்கிற முதல் கேள்வி. இவரிடம் கேட்கவில்லை.

அறைகள் குழலுக்கு நேரே நிற்கின்றனவா என்று பார்க்கும் அளவுக்கம்பியைக் குழலின் முன்பக்கத்தால் விட்டாள். முதலாம் அறைக்குள் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாம் அறையின் விளிம்பில் தட்டி நின்றது. ஐந்திலும் அப்படியே. அந்த இரண்டு அறைகளும் குழலுக்கு நேரே வந்து நிற்கவில்லை. சன்னம் ஓரத்தில் உரசி, ஈயம் சீவப்பட்டு, பாதி குழலில் அப்பிக்கொள்ள, பாதி பக்கவாட்டில் பறந்திருக்கிறது. யாருடைய கண்ணிலும் பட்டிருக்கலாம். கண்டுபிடிக்க அவளுக்குப் பத்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை.

லூக்கனிடம் சொன்னாள். தயாரித்தவரின் பிழை, உருளையை மாற்றித் தருவார்கள், அதை மட்டும் சொன்னால் போதும் என்றார் அவர். யதுசா விஜயரத்தினத்திடம் தொலைபேசியில் அப்படித்தான் சொன்னாள், இந்த முறை தமிழில்.



"அப்ப என்ர கண்?" என்று விஜயரத்தினம் கேட்டார்.

"உங்கட கண்ணில ஒரு பிழையும் இல்லை அங்கிள். நான்தான் பாக்கேல்லை. நீங்கள் கொண்டுவந்து தந்ததையும் திறக்கேல்லை."

தனக்கு இனிச் சுட ஏலாது என்று அவர் சித்திரையிலேயே சங்கத்துப் போட்டி அணியின் தலைவர் ஊவவிடம் சொல்லி விலகிவிட்டாராம். அவருடைய இடத்தில் வேறொருவர். அதைக் கோபமில்லாமல்தான் சொன்னார். பிறகு கேட்டார்: "இப்ப எனக்குச் சொன்னதை அங்க வந்து யேர்மன்ல சொல்லுவீங்களோ?"

வியாழக்கிழமை பயிற்சிக்கு முன் யதுசா சங்கத்துக்குப் போனாள். பன்னிரண்டு பேர் கோப்பியோடு இருந்தார்கள். ரிவோல்வரின் பிழையைச் சொன்னாள், தான் சொன்ன பதில்களையும் மறைக்காமல் சொன்னாள். ஊவ கேட்டார்: "முதல் நாளே ஏன் கம்பியை விட்டுப் பார்க்கவில்லை?"

அன்றைக்கு வேலை அதிகம் என்று சொல்ல வாயெடுத்தாள். எதிரே விஜயரத்தினம் இருந்தார்.

"இவர் சொன்னதை நான் நம்பவில்லை," என்றாள். "உங்களில் யாராவது கொண்டுவந்திருந்தால் அன்றைக்கே பார்த்திருப்பேன்."

ஒருவர் கோப்பியைக் கலக்கிக்கொண்டேயிருந்தார். விஜயரத்தினம் சுவரிலிருந்த போட்டி அட்டவணையைப் பார்த்தபடி இருந்தார்.

புது உருளையோடு ரிவோல்வர் ஆடியில் வந்தது. எடுக்க வந்த விஜயரத்தினம், தனக்கு முன்னால் ஆறு அறைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்துக் காட்டச் சொன்னார். அவள் காட்டினாள். கம்பி உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் அவர் குனிந்து பார்த்தார். பிறகு பெட்டியைப் பூட்டி, லூக்கனுக்குக் கைகொடுத்து, அவளுக்குத் தலையசைத்துவிட்டுப் போனார்.

அந்தப் பருவப் போட்டிகள் அவர் இல்லாமலே நடந்து முடிந்தன. விஜயரத்தினம் அடுத்த வருட அணிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார் என்று ரவை வாங்க வந்த ஊவ சொன்னபோது, யதுசாவால் ஊவவின் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. பெட்டிகளை எண்ணி வைத்துவிட்டுப் பட்டறைக்குள் போய்விட்டாள்.