முட்டிவலி இல்லாதவளின் நீச்சல்குளம்

பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற பெண் சொந்த வீடு வாங்கினால் ஊர் வாழ்த்தும். அந்த வீட்டின் பின்னால் ஒரு நீச்சல்குளமும் இருந்தால் ஊர் சிரிக்கும். டிரைவரம்மாவுக்கு இரண்டுமே கிடைத்தன.

வீட்டை விற்றவர் குளத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார், குடும்பத்தில் இருக்கும் குடிகாரனைப் பற்றிச் சொல்வதுபோல. அதனால்தான் வீடு விலைபோகாமல் கிடந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் பின்கதவைத் திறந்ததும், "இந்த யானைக்கு யாரு தீனி போடுறது?" என்று திரும்பிவிட்டார்கள். டிரைவரம்மாவும் பின்கதவைத் திறந்தாள். குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டாள். முப்பது வருஷம் எஞ்சின் சூட்டில் உட்கார்ந்து வெந்த உடம்பு. குளிர்ச்சி தோள்வரைக்கும் ஏறியது. அன்றே முன்பணம் கொடுத்துவிட்டாள்.

"என்னம்மா, பஸ்ஸ ஓட்டி முடிச்சாச்சு, இனி கப்பலா?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"ஆமா. சில்லறை சரியா கொண்டு வாங்க, ஏத்திக்கிறேன்."

நீந்தத் தெரியாமல்தான் வாங்கினாள். முதலில் கழுத்தளவுத் தண்ணீரில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். பிறகு காலை உதைத்தாள். கொஞ்சம் குடித்தாள், கொஞ்சம் இருமினாள். ஒருநாள் கை விளிம்பை விட்டதே தெரியாமல் நடுவில் மிதந்துகொண்டிருந்தாள். மேலே வானம், கீழே தண்ணீர், முதுகுக்குப் பின்னால் யாரும் மணி அடிக்கவில்லை.

குளம் என்றால் தண்ணீர் நிரம்பிய பள்ளம் என்றுதான் நினைத்திருந்தாள். அது சாவியை எடுத்து நிறுத்தவே முடியாத வண்டி என்று மெல்லத் தெரிந்தது. மோட்டார் ஓடித் தண்ணீரை மணல் தொட்டி வழியாக வடிகட்ட வேண்டும். மணலில் அழுக்கு அடைத்தால் தண்ணீரைத் தலைகீழாகச் செலுத்திக் கழுவ வேண்டும். குளோரின் குறைந்தால் பாசி, கூடினால் கண் எரிச்சல். இலையை வலையால் அள்ள வேண்டும். சுவரை பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். வெயில் காலத்தில் தண்ணீர் ஆவியாகி இறங்கும், லாரியைக் கூப்பிட வேண்டும். குளம் பராமரிக்க வந்துகொண்டிருந்தவர் வலையை நாலு வீசு வீசிவிட்டு, போனில் பேசியபடியே காசை வாங்கிக்கொண்டு போவதைச் சில தடவை பார்த்தாள். "தம்பி, அடுத்த மாசத்துலேர்ந்து நானே பாத்துக்கிறேன்" என்று அனுப்பிவிட்டாள். டிப்போவில் எண்ணெயும் டயரும் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவாள். அதே கண்ணோடு காலையில் குளத்தைச் சுற்றி வந்தாள்.

மாடியில் மகளும் மருமகனும் இருந்தார்கள். மின்சாரக் கட்டணத்தில் மருமகன் பாதி கொடுத்துவந்தார்.

"அத்தை, இந்த மோட்டார் குடிக்கிற கரண்ட்டுல மாடி பூரா ஏசி போடலாம்."

"ஏசி எதுக்கு மாப்பிள்ளை? ஒரு நாள் கீழ வந்து பிரஷ் போடுங்க, தூக்கம் சொக்கிட்டு வரும்."

அவர் கெட்டவர் இல்லை. குளத்தை மூடி அந்த இடத்தில் இரண்டு அறை கட்டினால் வாடகை வரும் என்று கணக்குப் போட்டிருந்தார், அவ்வளவுதான். சாப்பிட உட்கார்ந்தால் அந்தப் பேச்சுதான். ஒருநாள் டிரைவரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"சரி. ஒரே ஒரு தடவை இந்தத் தண்ணி என் கையில கெடட்டும். அன்னைக்கே மூடிடலாம்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

தங்கைக்குக் கண் அறுவை சிகிச்சை. டிரைவரம்மா ஒரு வாரம் துணைக்குப் போனாள். கிளம்பும்போது மோட்டாரை நிறுத்திவிட்டுப் போனாள். பாவம், நாள் தவறாமல் ஓடுகிறது, கொஞ்சம் ஓய்வு எடுக்கட்டும் என்று நினைத்தாள். வேறு யாரும் செய்யாத தப்பு, ஆயுசு முழுக்க எஞ்சினோடு வாழ்ந்தவள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. நிறுத்தி வைத்த வண்டி தேயாது, ஆனால் நிறுத்தி வைத்த தண்ணீர் அழுகும். சத்தமில்லாத அந்த வாரத்தில் மருமகன் நிம்மதியாகத் தூங்கினார். யாரும் பின்கதவைத் திறக்கவில்லை.

திரும்பி வந்து பார்த்தால், அரைத்துவிட்ட கீரை மாதிரி இருந்தது குளம். உள்ளே ஒரு தவளை குடும்பஸ்தனாகிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை மேஸ்திரிய வரச் சொல்றேன், அத்தை" என்றார் மருமகன். குரலில் கேலிகூட இல்லை. அதுதான் அவளுக்குக் குத்தியது.

அவள் புடவையை இடுப்பில் செருகினாள். சுவர் சுவராகத் தேய்த்தாள். வெயில் இறங்கியதும் குளோரினைக் கரைத்து ஊற்றினாள். மோட்டாரை நிறுத்தவே இல்லை. மணலைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். பச்சை செத்தது. ஆனால் ஞாயிறு காலையில் தண்ணீர் கஞ்சி மாதிரி வெளுத்துக் கிடந்தது. தரை தெரியவில்லை.

அளவு டேப்போடு மேஸ்திரி வாசலில் நின்றார். மருமகன் அவரிடம் அறைகளின் நீள அகலம் சொல்லத் தொடங்கினார். மகள் அம்மாவைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"அம்மா, நான் சொல்றதக் கேளு. டாக்டர் முட்டிவலிக்கு நீந்தச் சொன்னாருன்னு சொல்லிடு. அவரு அதுக்கு மேல ஒண்ணும் பேச மாட்டாரு."

"எனக்கு ஏதுடி முட்டிவலி?"

"இருக்குன்னு சொல்லேன். வாயத் தெறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

டிரைவரம்மா ஈரக் கையைத் துடைத்தாள். சுலபமான வழிதான். நோய் என்றால் எல்லோரும் வழிவிடுவார்கள், ஆம்புலன்சுக்கு விடுவதுபோல.

"உன் புருஷன் பைக் வச்சிருக்காரு. மழையில எடுக்க மாட்டாரு, வெயில்ல எடுக்க மாட்டாரு. தொடைச்சு, உறுமவிட்டுக் கேட்டுட்டு, போர்வை போத்தித் தூங்க வைக்கிறாரு. அது எந்த வலிக்குன்னு நாம கேட்டோமா?"

"அதையும் இதையும் ஏம்மா முடிச்சுப் போடுற?"

"ரெண்டும் ஆசைடி. அவருது ஆசைன்னே இருக்கட்டும். என்னுது மட்டும் ஏன் மருந்தாகணும்?"

வெளியே வந்தாள்.

"மாப்பிள்ளை, குளத்த மூடல."

"சொன்ன வார்த்தைன்னு ஒண்ணு இருக்கே அத்தை."

"இருக்கு. மீறுறேன். தெரிஞ்சேதான் மீறுறேன். வீம்புல சொன்னதுக்காக குளத்தப் பலி குடுக்க முடியாது. கரண்ட் பில்லு விஷயத்துல நீங்க பேசினது நியாயம். குளத்துக்குத் தனி மீட்டர் வச்சு நானே கட்டிக்கிறேன்."

"பென்ஷன்ல கட்டுப்படியாகுமா?"

"ஆகாது. ஸ்கூல் வேன் ஓட்டப் போறேன். நேத்தே பேசியாச்சு."

மேஸ்திரி டேப்பைச் சுருட்டினார். "அப்ப நான் கிளம்பட்டுங்களா?"

"வந்தது வந்துட்டீங்க, இந்தப் பக்கம் டைல்ஸ் பேந்திருக்கு பாருங்க. அளந்துட்டுப் போங்க."

மேஸ்திரி மருமகனைப் பார்த்தார், டிரைவரம்மாவைப் பார்த்தார். வேலை எந்தக் கையால் வந்தால் என்ன என்று குந்தி உட்கார்ந்து அளக்கத் தொடங்கினார்.

மருமகன் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மகள் சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். டிரைவரம்மா இரண்டையும் பொறுத்துக்கொண்டு காலையில் வேன் ஓட்டினாள். வீடு திரும்பி மணலைக் கழுவினாள். தண்ணீர் தெளிந்து தரையின் நீலம் தெரிந்த அன்று, மதியம் முழுக்க நீந்திவிட்டு, தலையைத் துவட்டவும் நேரமில்லாமல் வேனோடு பள்ளிக்கூட வாசலுக்குப் போய் நின்றாள்.

முன்சீட்டில் ஏறிய சிறுமி, சொட்டும் கொண்டையையே பார்த்தாள்.

"ஏன் ஈரமா இருக்கீங்க?"

"நீந்திட்டு வர்றேன்."

"எதுக்கு?"

"சும்மா" என்று சொல்லிவிட்டு டிரைவரம்மா கியரைப் போட்டாள்.