குறையோடு விற்ற இணையதளம்

சென்ற ஆண்டு கோடையில், நெய்வேலி நகரியத்தில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸின் முன்னறையில் நடந்தது இது. நானே உருவாக்கிய இணையதளத்தை விற்கப் புறப்பட்டு, நானே வைத்த கண்ணியில் மாட்டிக்கொண்டேன்.

முதலில் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்கிறேன். எங்கள் ஊரில் ரிட்டயர் ஆனால் கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வருடக்கணக்கில் சேர்த்த கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. அதே நேரம் அடுத்த பிளாக்கில் புதிதாக வீடு கிடைத்தவர்கள் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். இந்த இரண்டு தரப்பையும் சேர்த்து வைப்பதுதான் என் தளம். கணவர் மைன்ஸுக்கு ஷிப்ட் போன நேரங்களில் வீடியோ பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டு செய்தது.

அதில் 'குறை' என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன். பொருளின் குறையை எழுதினால்தான் விளம்பரம் வெளியாகும். ஆரம்பத்தில் எல்லோரும் 'ஒன்றுமில்லை' என்று எழுதித் தப்பித்தார்கள். விடுவேனா? அந்தச் சொல்லையே தளம் ஏற்காதபடி செய்துவிட்டேன். பிறகுதான் உண்மை வெளியே வந்தது. 'ஊஞ்சல் கிரீச்சிடும், மாமியார் தூங்கும்போது ஆட முடியாது' என்று ஒரு அம்மா எழுதியதைப் பிளாக் பிளாக்காகச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் ஸ்கூட்டரில் போய் ஒவ்வொரு பொருளையும் நேரில் பார்த்த பிறகுதான் அனுமதி கொடுப்பேன். என் தளத்தில் வாங்கி ஏமாந்தேன் என்று யாரும் சொன்னதில்லை.

கணவர் ஓய்வுபெறும் நாள் நெருங்கியது. மகள் இருக்கும் ஓசூருக்கே போய்விடுவதென்று முடிவு செய்தோம். "வீட்டைப் பூட்டுற மாதிரி அதையும் பூட்டிட்டு வா" என்றார் கணவர். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நான் வளர்த்தது என்னோடு நின்றுபோகக் கூடாது, நடத்தத் தெரிந்தவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் லாரி ஏறுவேன் என்று சொல்லிவிட்டேன்.

சென்னையிலிருந்து ஒரு நிறுவனத்துக்காரர் வீடியோ காலில் பேசினார். நானா பேசத் தெரியாதவள்? தளத்தின் அருமை பெருமைகளை மூச்சுவிடாமல் அடுக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க ஊர்ல இல்லன்னா இது எப்படி ஓடும் மேடம்?" என்றார்.

"அது பாட்டுக்கு ஓடும் சார்" என்றேன்.

"போன வருஷம் ஒரு மாசம் புது விளம்பரமே காணோமே?"

மகளின் பிரசவத்துக்கு நான் ஓசூர் போயிருந்த மாதம் அது. எதையோ சொல்லி மழுப்பினேன். அவர் திரும்பக் கூப்பிடவே இல்லை.

போனால் போகட்டும், நம் தளத்திலேயே விளம்பரம் போடுவோம் என்று உட்கார்ந்தேன். விற்கும் பொருள்: இந்த இணையதளம். சிறப்புகளை ஒரு பக்கத்துக்கு எழுதிவிட்டு பட்டனை அழுத்தினால், 'குறையை எழுதவும்' என்று சிவப்பு எழுத்தில் வந்து நின்றது. 'ஒன்றுமில்லை' என்று அடித்தேன். ஏற்கவில்லை. எப்படி ஏற்கும்? செய்தவள் நானல்லவா!

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த கணவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஊரையே எழுத வெச்சல்ல, இப்ப நீ எழுது."

வேறு வழியில்லாமல் எழுதினேன். 'ஒரே ஆளை நம்பி ஓடுகிறது. அவர் ஊருக்குப் போனால் இதுவும் நின்றுவிடும். தன்னைப்போல யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற எண்ணத்தில் அவர் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை.' எழுதி முடித்ததும் முகம் சூடானது. இனி எந்தப் புத்திசாலி இதை வாங்குவான் என்று நினைத்துக்கொண்டேதான் பட்டனை அழுத்தினேன்.

மறுநாளே ஒரு பெண் போன் செய்தார். குள்ளஞ்சாவடியில் நாத்தனாரோடு சேர்ந்து கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறாராம். "ஒங்க வெப்சைட்ல பாத்துதாங்க்கா தையல் மிஷின் வாங்குனேன். பெடல் இறுகும்னு போட்டிருந்துச்சு, அதேமாரி இறுகுச்சு. இப்ப போட்டுருக்கற குறையையும் படிச்சேன். ஒரு ஆளுதான் குறைன்னா, நாங்க ரெண்டு பேரு இருக்கறோம். ஒருத்தி கடையப் பாத்துகினு இருந்தா இன்னொருத்தி சுத்திட்டு வந்துருவோம்" என்றார்.

அந்த வாரமே இருவரும் வந்தார்கள். விலை பேசி முடித்து, தளத்தின் முகவரி, கடவுச்சொல், உள்ளே இருந்த அத்தனையும் அவர்கள் பெயருக்கு மாற்றிக் கொடுத்தேன். கற்றுக்கொடுத்தபோதுதான் தெரிந்தது, நான் நினைத்த அளவுக்கு அது கம்பசூத்திரம் இல்லை. சந்தோஷம் ஒரு பக்கம், கொஞ்சம் பொறாமை ஒரு பக்கம்.

நாங்கள் கிளம்பும் முன் எங்கள் தேக்குக் கட்டிலை அதே தளத்தில் விற்கப் போட்டேன். 'குறை: தலைமாட்டில் ஒரு கீறல்' என்று நேர்மையாக எழுதியிருந்தேன். பார்த்து அனுமதி கொடுக்க, முதலில் போன் செய்த அந்தப் பெண் வந்தார். பழைய முதலாளியம்மா என்று சும்மா விட்டுவிடுவார் என நினைத்தேன். அவரோ செல்போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு கட்டிலுக்கடியிலேயே புகுந்துவிட்டார்.

"அக்கா, பின்கால்ல கரையான் அரிச்சிருக்கு. அத எழுதலீங்களே?"

சத்தியமாக எனக்கே தெரியாது. குனிந்து பார்த்தால், ஆமாம், அரித்துத்தான் இருந்தது. ஒரு கணம் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த கணமே சிரித்துவிட்டேன். "எழுதிக்கம்மா" என்றேன்.

இன்றும் ஓசூரில் இருந்துகொண்டு அவ்வப்போது அந்தத் தளத்தைத் திறந்து பார்க்கிறேன். என் கட்டிலுக்கடியில் அந்தப் பெண் தயங்காமல் புகுந்த அந்த நொடியில்தான் என் தளம் உண்மையில் கைமாறியது என்று நினைக்கும்போதெல்லாம் மனசு நிறைந்துபோகிறது.